விட்டுப்போன ஏழாம் வசனம்

பயம் வந்தால் மற்றவர்களுக்கு வயிறு கலங்கும். எனக்கு வாய் கலங்கும். அழ வேண்டிய இடத்தில் ஏதாவது ஒரு ஜோக்கை அடித்துவிட்டு, அது யார் தலையில் போய் விழுந்தது என்று பிறகுதான் பார்ப்பேன். இந்த வியாதியோடு ஒன்பது வருடம் எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபையின் கமிட்டிச் செயலாளராக இருந்தேன் என்றால், கமிட்டியின் தரத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிழைப்பு சிவகாசியில், ஓர் ஆப்செட் அச்சகத்தில் ப்ரூஃப் பார்ப்பது. பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், தினம் ஒரு வசனம் போட்ட நாள்காட்டி. ஜனங்கள் வேதத்தைத் தியானித்துப் படிப்பார்கள். நான் துணைக்கால் விட்டுப்போயிருக்கிறதா என்று படித்தவன். அப்படிப் படித்தே முழு வேதத்தையும் இரண்டு முறை முடித்திருக்கிறேன். அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

என் தங்கையின் கணவர், எனக்கு மாப்பிள்ளை, விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். வெடிமருந்து கலப்பதில் கெட்டிக்காரர். அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டாள். எங்கள் சபைக் கல்லறைத் தோட்டத்தில், மேற்குச் சுவரை ஒட்டி வைத்தோம். அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு எங்கள் சபைக் கோயிலில் உட்காரப் பிடிக்கவில்லை. எம். புதுப்பட்டியில் ஓட்டுக் கட்டடம் ஒன்றில் நடந்த ஜெபவீட்டுக்குப் போக ஆரம்பித்தார். அங்கே சொல்லிக்கொடுத்தது இதுதான்: கடவுள் ஒருவரே, அவர் பெயர் இயேசு. பிதா, ஆவி என்பதெல்லாம் அவருக்கே வேறு வேறு பெயர்கள். மூன்று ஆட்கள் என்பது பின்னால் வந்த பெரிய மனுசர்கள் கட்டிய கதை. அந்தப் போதனைப்படி அவரைக் கிணற்றில் இறக்கி, இயேசுவின் பெயரை மட்டும் சொல்லி முழுக்கினார்கள்.

எங்கள் சபைச் சட்டப்படி, பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் இன்னொரு இடத்தில் மறுபடி முழுகினால் பதிவேட்டிலிருந்து பெயரை அடிக்க வேண்டும். பெயர் போனால் கல்லறைத் தோட்டத்தில் இடமும் போய்விடும். தீர்மானத்தைக் கமிட்டியில் கொண்டுவந்தவன் நான்தான். கொண்டுவராவிட்டால், செயலாளர் மாப்பிள்ளைக்காகக் கண்ணை மூடிக்கொண்டார் என்பார்களே என்ற பயம். பயம் வந்ததால் வாய் கலங்கியது.

“இனிமே அவரு வீட்டுக்கு விருந்துக்குப் போறவுக பாத்துப் போங்க. மூணு பேரு போனாலும் ஒரு எலதான் போடுவாரு” என்றேன்.

கமிட்டி விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டது. அந்த ஜோக் ஆமத்தூர் வரைக்கும் போய்வந்ததாகக் கேள்விப்பட்டு எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்த ஆவணியில், தீபாவளி சீசன் உச்சத்தில், கலவை அறையில் உராய்வு ஏற்பட்டுத் தீப்பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்தது அவர் ஒருவர்தான். ஒரே ஆள் என்பதால் செய்தித்தாளில்கூட வரவில்லை. முழங்காலுக்குக் கீழே தவிர மீதி எல்லாம் வெந்துபோயிருந்தது. பிழைக்கமாட்டார் என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அன்று மத்தியானம் தங்கை என்னை ஆஸ்பத்திரி வராண்டாவுக்குக் கூட்டிவந்தாள். அவள் ஜெபவீட்டுக்குப் போகவில்லை. மகள் கிடக்கிற தோட்டத்தை விடமாட்டேன் என்று எங்கள் சபையிலேயே இருந்தவள்.

“அண்ணே, அவரு கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். பாப்பா பக்கத்துல வைக்கச் சொல்றாரு.”

“கமிட்டியில பேசணும்மா.”

“பேசுங்க. ஒங்க வாயாலதான வெளிய போனாரு. அந்த வாயாலயே உள்ள கொண்டாங்க.”

கமிட்டி அன்று மாலையே கூடியது. ஐயர் ஊரில் இல்லை. எங்கள் பக்கத்தில் பாதிரியாரைத்தான் ஐயர் என்போம். அவர் திருநெல்வேலியில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் கமிட்டிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். எனக்கு ஏழாம் வகுப்பில் பிரம்பால் இலக்கணம் சொல்லித்தந்தவர். ஓய்வுபெற்றாலும் பிரம்பை மட்டும் அவர் மனசு கீழே வைக்கவில்லை.

“மூவரும் ஒரே தேவன்ங்கற திரியேகத்த விசுவாசிக்கிறேன்னு ரெண்டு சாட்சி முன்னால எழுதிக் குடுக்கட்டும். பேர திரும்ப ஏத்திருவோம். எடமும் குடுத்துருவோம்” என்றார். “நானும் வாறேன். கேள்வி நான் கேக்கறேன். வசனம் நீ காட்டு.”

“நானா ஐயா?”

“தீர்மானம் கொண்டாந்தவன் நீதானலே?”

மறுநாள் காலை பத்து மணிக்குத் தீக்காய வார்டுக்குப் போனோம். கொசுவலைக்குள், கட்டிலில் வாழை இலைகளைப் பரப்பி, அதன் மேல் அவரைக் கிடத்தியிருந்தார்கள். துணி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அங்கே இலைதான். கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டிருந்தன. கைகள் கட்டுக்குள் இருந்தன. என் செருப்புச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

“வாங்க மச்சான். எல போட்டுத்தான் இருக்கு.”

ஆமத்தூர் வரைக்கும் போன ஜோக் எம். புதுப்பட்டிக்குப் போகாமல் இருக்குமா? தலைமை ஆசிரியர் அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வாய்ப்பாடு கேட்பதுபோலக் கேட்டார்.

“பிதா, குமாரன், பரிசுத்த ஆவி, மூவரும் ஒரே தேவன்னு விசுவாசிக்கிறீரா?”

“வேதத்துல இருந்தா விசுவாசிக்கிறேன் ஐயா. காட்டுங்க.”

தலைமை ஆசிரியர் என் பக்கம் திரும்பினார். “காட்டுலே.”

என் கையில் வேதம் இருந்தது. ஆனால் பயந்தவன் கைக்கு முதலில் கிடைப்பது வேதம் அல்ல, பழகிப்போன பேச்சு. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வருடாவருடம் நான் சொல்லும் உதாரணம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும் என்பதால் அதில் எனக்கு நல்ல பெயர். அதையே எடுத்துவிட்டேன்.

“இப்ப பாருங்க மாப்ள. வெடியுப்பு ஒண்ணு, கந்தகம் ஒண்ணு, அலுமினியப் பொடி ஒண்ணு. மூணும் வேற வேற. கலந்துட்டா ஒரே மருந்து. தீ வச்சா...”

அங்கே நின்றேன். வாக்கியத்தின் மிச்சம் எனக்கு முன்னால் இலை மேல் கிடந்தது. கட்டிலருகே நின்ற தங்கை கையிலிருந்த பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்கும் அளவுக்கு எனக்கு எழுத வராது.

மாப்பிள்ளைதான் பேசினார். குரல் சுரண்டுகிற மாதிரி இருந்தாலும் போர்மேனின் குரல் அது.

“மூணையும் கலக்குனாத்தான மச்சான் அது மருந்து. தனித்தனியா இருந்தா சும்மா பொடி. அப்ப பிதா தனியா இருந்தா முழுக் கடவுள் இல்லையா?”

இருபது வருடமாக அந்த உதாரணத்தைச் சொல்கிறேன். ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. உடனே அச்சகத்துக்குத் தாவினேன். மூன்று கலர் மை, சேர்ந்தால் ஒரே படம் என்றேன்.

“நாலு கலர்லதானலே ஓட்டுவீக? கறுப்ப எங்க கொண்டு வைக்கப் போற?” என்றார் தலைமை ஆசிரியர். “உதாரணத்த விடு. வசனத்தச் சொல்லு.”

மத்தேயுவின் கடைசி அதிகாரத்தைச் சொன்னேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரில் ஞானஸ்நானம் கொடுக்கும்படி இயேசுவே சீஷர்களிடம் சொல்லியிருக்கிறாரே?

“சொன்னாரு. அதக் காதால கேட்ட பேதுரு, அப்போஸ்தலர் ரெண்டாம் அதிகாரத்துல என்ன செஞ்சாரு? இயேசுவோட பேருலன்னுதான சொன்னாரு? அவரவிட எனக்குத் தெரியுமா?”

யோர்தான் கரையைச் சொன்னேன். குமாரன் தண்ணீருக்குள் நிற்கிறார், வானத்திலிருந்து பிதாவின் சத்தம் வருகிறது, ஆவியானவர் புறாவைப் போல இறங்குகிறார். ஒருவரே ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் எப்படி?

அவர் மூச்சு கரகரத்தது.

“அது எனக்கும் ஒதைக்கத்தான் செய்யுது மச்சான். எங்க பாஸ்டர் சொன்ன பதிலு எனக்குத் திருப்தியில்ல. பொய் சொல்லக்கூடாது.” மறுபடி மூச்சு வாங்கினார். “ஆனா அதுல மூணுன்னு தெரியுது, ஒண்ணுன்னு இல்ல. உபாகமத்துல ஒண்ணுன்னு இருக்கு, மூணுன்னு இல்ல. யோவான் மொத அதிகாரத்துல வார்த்தை, அதான் இயேசு, தேவனாவும் இருக்கு, தேவன்கிட்டயும் இருக்கு. சரி, அங்க ரெண்டு பேருதான். மூணும் ஒண்ணுன்னு சேத்துச் சொன்ன ஒரே ஒரு எடம் காட்டுங்க. கையெழுத்துப் போட்டுருதேன். எனக்கும் பாப்பாகிட்டப் போகணும்.”

தலைமை ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இதற்காகத்தான் காத்திருந்தார் போல.

“ஒண்ணாம் யோவான் அஞ்சாம் அதிகாரம், ஏழாம் வசனம். வாசிலே.”

வாசித்தேன். பரலோகத்தில் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி, இந்த மூவரும் ஒன்றாக இருக்கிறார்கள். கேட்டதைக் கேட்டபடி, ஒரு எழுத்து குறையாமல். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படி ஒன்று இருக்கும்போது பொடியையும் மையையும் எதற்குக் கலக்கிக்கொண்டிருந்தேன்?

“நம்ம புஸ்தகத்துலயும் பாரு” என்று மாப்பிள்ளை தங்கையிடம் சொன்னார். தலைமாட்டில் அவருடைய வேதம் இருந்தது. எளிய நடையில் புதிதாக மொழிபெயர்த்தது. அவள் புரட்டினாள். விரலை வைத்து வாசித்தாள். நிமிர்ந்தாள்.

“இதுல மூவர்னு இருக்குண்ணே. ஆனா ஆவி, தண்ணி, ரத்தம்னுதான் இருக்கு. பிதாவும் இல்ல, வார்த்தையும் இல்ல.”

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். இல்லை. தலைமை ஆசிரியர் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. மாப்பிள்ளை மூடிய கண்ணோடு எங்கள் பக்கம் தலையைத் திருப்பினார். என் வாழ்நாளில் முதன்முறையாக என் தொழில் எனக்கு உதவிக்கு வந்தது. உதவியா அது!

“பிரஸ் மிஸ்டேக்கு!” என்றேன்.

விளக்கமும் சொன்னேன். இது எங்களுக்குத் தினப்படி விவகாரம். இரண்டு வரி ஒரே மாதிரி ஆரம்பித்தால் டைப் அடிப்பவரின் கண் முதல் வரியிலிருந்து இரண்டாவதற்குத் தாவிவிடும். நடுவில் இருப்பது விழுந்துபோகும். இங்கேயும் பாருங்கள், ஏழாம் வசனத்திலும் சாட்சி சொல்கிறவர்கள் மூவர், எட்டாம் வசனத்திலும் சாட்சி சொல்கிறவர்கள் மூவர். கண் தாவியிருக்கிறது. ப்ரூஃப் பார்த்தவன் தூங்கியிருக்கிறான். என்னிடம் வந்திருந்தால் பிடித்திருப்பேன்.

இதை அவ்வளவு நம்பிக்கையோடு சொன்னேன். ஏனென்றால் நானே நம்பினேன்.

மாப்பிள்ளையின் உதடு அசைந்தது. சிரிப்பாக இருந்திருக்கும். “நீங்க எத்தன வருசமா ப்ரூஃப் பாக்கறீக மச்சான்?”

“இருவது.”

“அப்பச் சரியாத்தான் இருக்கும். எழுதுங்க.”

எழுதினேன். கையெழுத்துப் போடக் கையில்லை. தலைமை ஆசிரியர் யோசித்து, கால் பெருவிரல் ரேகை போதும் என்றார். மை டப்பா நான்தான் கொண்டுபோயிருந்தேன். அவர் காலைப் பிடித்து, பெருவிரலில் கறுப்பு மை தடவி, காகிதத்தில் உருட்டினேன். முதல் தடவை இழுத்துக்கொண்டது. “ப்ரூஃப் சரியில்ல, இன்னொண்ணு எடுப்போம்” என்று என் வாய் சொன்னது. யாரும் சிரிக்கவில்லை. இரண்டாவது நன்றாக விழுந்தது. கீழே இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட்டோம். காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தேன்.

ஐயர் மறுநாள் காலையில் வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். ஏழாம் வசனம் வந்ததும் அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அது விட்டுப்போனது இல்லய்யா. பழைய கிரேக்கப் பிரதிகள்ல அந்த வரியே கெடையாது. ரொம்பப் பின்னால யாரோ ஓரத்துல எழுதி வச்ச குறிப்பு உள்ள ஏறிருச்சு. புதுசா மொழிபெயர்த்தவுக தெரிஞ்சுதான் எடுத்திருக்காக.”

எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. ஓரத்தில் ‘சின்ன எழுத்தில் போடவும்’ என்று நான் எழுதியதை, மணமகனின் பெயருக்குக் கீழே பட்டம்போலச் சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். ஐந்நூறு பத்திரிகை. ஓரக்குறிப்பு உள்ளே ஏறுவதும் எங்களுக்குத் தினப்படி விவகாரம்தான். இரண்டில் எது என்று நான் யோசிக்கவே இல்லை.

“அப்ப திரியேகம் பொய்யா ஐயா?”

“யாரு பொய்ன்னா? அந்த வரி இல்லாத காலத்துலயும் சபை இதத்தான் விசுவாசிச்சுச்சு. யோர்தான் இருக்கு. மத்தேயு முடிவு இருக்கு. ரெண்டாம் கொரிந்தியர் கடைசியில மூணு பேர் பேருலயும் ஆசீர்வாதம் இருக்கு. தேவன் ஒருத்தர்தான்னும் இருக்கு. எல்லாத்தையும் கூட்டிப் பாத்து, எதையும் தள்ள முடியாமத்தான் திரியேகம்னு பேரு வச்சாக. அந்த வார்த்தையே வேதத்துல கெடையாதேய்யா. உமக்குத் தெரியாதா?”

தெரியாது. துணைக்கால்கள் எல்லாம் சரியாக இருந்ததால் நான் கவனிக்கவில்லை.

“போயி உள்ளதச் சொல்லும். மத்த வசனங்கள நிதானமாக் காட்டும். நிதானமா” என்றார் ஐயர். என் முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லியிருக்க வேண்டும்.

போனேன். சத்தியத்தின் மேல் பிரியம் வந்து போகவில்லை. சாகப்போகிறவனிடம் பொய் சொன்னால் நேரே நரகம் என்று ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பயம்தான்.

மாப்பிள்ளையின் நிலை முந்தின நாளைவிட இறங்கியிருந்தது. தங்கை பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைப் பற்றி ஐயர் சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப விட்டுப்போகல. சேத்திருக்காக.”

“ஆமா மாப்ள. ஆனா ஐயர் என்ன சொல்றார்னா...” என்று யோர்தானையும் கொரிந்தியரையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நிதானம் என்பது என்னிடம் எப்போது இருந்தது?

“இருக்கலாம் மச்சான். நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம். கூட்டிப் பாக்கணும்னா எனக்கு இன்னும் ஒரு வருசமாவது வேணும். எனக்குச் சாயந்தரம் வரைக்கும் இருக்கான்னே தெரியல.” மூச்சு இழுத்தது. “தெரியாதத தெரியும்னு எழுதிக் குடுத்துட்டு அவரு முன்னால போயி நிக்க மாட்டேன். அந்தப் பேப்பரக் கிழிச்சிருங்க.”

“பாப்பா?”

“பாப்பாவ அவருகிட்டப் போயிப் பாத்துக்கிடுதேன். கிழிங்க.”

தங்கை பஞ்சை வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தாள். நான் பைக்குள் கையை விட்டேன். இரண்டு காகிதம் தட்டுப்பட்டது. ஒன்று பெருவிரல். இன்னொன்று அன்று காலை அச்சகத்தில் வாங்கிய சரவெடி லேபிளின் ப்ரூஃப். எதை எடுப்பது என்று நான் யோசித்ததாகச் சொன்னால் அது எனக்கு மரியாதை. யோசிக்கவில்லை. லேபிளை எடுத்து, அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து, சத்தம் வரும்படி கிழித்தேன்.

“ரெண்டாக் கிழிச்சா ஒட்டிருவீக. நல்லாக் கிழிங்க.”

நல்லாகக் கிழித்தேன். நாலு, எட்டு, பதினாறு. சிவப்பும் மஞ்சளுமாகத் துண்டுகள் தங்கையின் மடியில் விழுந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். அது தளர்ந்து, தூங்கப்போகும் முகமாக ஆகியிருந்தது. அவள் துண்டுகளைச் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் காலை நான் காப்பி வாங்கப் போயிருந்த நேரத்தில் இறந்துபோனார்.

ஜெபவீட்டுக்காரர்கள் உடலைக் கேட்டு வந்தார்கள். கமிட்டி காகிதத்தைக் காட்டியது. அவர்களுடைய பாஸ்டர் கால்ரேகையை வெகுநேரம் பார்த்தார். “அவரா குடுத்தாரு?” என்று தங்கையிடம் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எல்லோரும் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். தோட்டத்து வாசலில் ஐயர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

“உள்ளதச் சொன்னீரா?”

“சொன்னேன் ஐயா.”

“என்ன சொன்னாரு?”

“நிம்மதியாத் தூங்கினாரு ஐயா.”

இந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பொய்யும் இல்லை. எத்தனை தடவை ப்ரூஃப் பார்த்தாலும் பிழை அகப்படாது.

மகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டியிருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஜெபவீட்டுக்காரர்கள் உள்ளே வரவில்லை. சுவருக்கு வெளியே நின்று பாடினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம், பெட்டியை இறக்கியதும் ஐயர் பிதா என்னும்போது ஒரு பிடி மண், குமாரன் என்னும்போது ஒரு பிடி, பரிசுத்த ஆவி என்னும்போது ஒரு பிடி. நெருங்கிய சொந்தம் முதலில் போட வேண்டும்.

தங்கை குனிந்து ஒரு பிடி அள்ளிப் போட்டாள். ஐயர் அடுத்த பெயரைச் சொன்னார். அவள் கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

“இன்னும் ரெண்டு இருக்கும்மா” என்றார் தலைமை ஆசிரியர்.

“அவருக்கு ஒண்ணு போதும்.”

ஐயரின் புத்தகம் பாதியில் நின்றது. தலைமை ஆசிரியரின் மூக்குக்கண்ணாடி அவளிடமிருந்து மெதுவாக என் பக்கம் திரும்பியது. அதற்குப் பின்னால் ஒரு கேள்வி உருவாகிக்கொண்டிருந்தது. அது வாய்க்கு வந்துவிட்டால் குழியிலிருந்து பெட்டி வெளியே வரும்.

“அவளுக்குக் கை நடுங்குது ஐயா, நான் போட்டுருதேன்” என்று குழிமேட்டில் மண்டியிட்டேன். அவளுடைய பாக்கி இரண்டு, என்னுடைய மூன்று. மொத்தம் ஐந்து பிடி, மூச்சு விடாமல் அள்ளிப் போட்டேன். நாலாவதில் ஒரு கல் இருந்திருக்கிறது. பெட்டி மேல் டங்கென்று விழுந்தது, கதவைத் தட்டின மாதிரி.

“பாசக்காரப் பய” என்றார் தலைமை ஆசிரியர், பக்கத்திலிருந்தவரிடம்.

நான் எழுந்து கையைத் துடைத்தபோது தங்கை அங்கே இல்லை. மகளின் கல்லறையை ஒருமுறை தொட்டுவிட்டு, வாசலைத் தாண்டி, சுவருக்கு வெளியே நின்றவர்களை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

“ஏலே, ஒந்தங்கச்சி எங்க போறா?” என்றார் தலைமை ஆசிரியர்.

“வெயிலு ஜாஸ்தில்ல ஐயா, தண்ணி குடிக்கப் போறா” என்றேன். அதற்குள் அவள் அவர்களோடு சேர்ந்து பாட ஆரம்பித்திருந்தாள்.